மேசை மேல் ஒரு இணுக்கு, அதில் ஒரு புழு

வண்ணத்துப்பூச்சியாகவோ அந்துப்பூச்சியாகவோ மாறப்போகும் புழுவைப் படம் எடுக்க ஸ்டூடியோ எதற்கு, அதுதான் செடியிலேயே உட்கார்ந்திருக்கிறதே, ஓடவா போகிறது என்று கேட்பார்கள். ஓடாது, சரிதான். ஆனால் இலை ஆடும். நம் முகத்தில் படாத காற்றுகூட அதற்குப் போதும். புழுவின் தலை, படம் பதிவாகும் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழுகிற 1:1 உருப்பெருக்கத்துக்குப் போய்விட்டால், இலை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலே ஃபோகஸ் போச்சு. தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது, அதை நான் விடவில்லை. ஆனால் புழுவின் முகம், கால் நுனிக் கொக்கிகள், விலாவில் வரிசையாக இருக்கும் மூச்சுத்துளைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால், காற்று வராத இடத்துக்கு அதைக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இல்லை. ஸ்டூடியோ என்று பெரிதாகச் சொல்கிறேனே ஒழிய, இருப்பது ஒரு மேசை, இரண்டு ஃபிளாஷ், கொஞ்சம் டிரேசிங் பேப்பர், இணுக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப். அவ்வளவுதான். மின்விசிறியை மட்டும் மறக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது, அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதிக்கு மேல் கேமராவுக்குச் சம்பந்தமே இல்லாதது. வெளிச்சம் நம் கையில், பின்னணி நம் கையில், ஆனால் புழு நம் பேச்சைக் கேட்காது. தின்கிற நேரம், சும்மா கிடக்கிற நேரம், தோல் உரிக்கிற நேரம், கூட்டுப்புழுவாக இடம் தேடி அலைகிற நேரம் என்று அது தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டால் சாதாரண லென்ஸிலேயே நல்ல படம் விழும். பிடிபடாவிட்டால் எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்திருந்தாலும் விறுவிறுவென்று நடந்து போகும் புழுவின் பின்பக்கம்தான் கிடைக்கும்.

முதலில் புழுவை உள்ளே கொண்டுவருவது. கையால் பிடித்து இழுக்கவே கூடாது. புழுவுக்கு மார்புப் பகுதியில் மூன்று ஜோடி நிஜக் கால்கள். அதற்குப் பின்னால் வயிற்றில் இருப்பவை சதைக்கால்கள், பெரும்பாலான புழுக்களுக்கு ஐந்து ஜோடி வரை. இந்தச் சதைக்கால்களின் அடியில் பொடிப்பொடியாகக் கொக்கிகள் இருக்கின்றன. அது போதாதென்று, தான் உட்காரும் இடத்தில் முன்கூட்டியே வாயருகே இருந்து பட்டு இழை விட்டு ஒரு விரிப்பு மாதிரி பின்னி வைத்துக்கொண்டு, அந்த விரிப்பில் கொக்கிகளை மாட்டிக்கொள்கிறது. நாம் இழுத்தால் கால்தான் காயப்படும். அதனால் புழு இருக்கும் இணுக்கையே கத்தரியால் வெட்டி எடுத்து வந்துவிடுவது நல்லது. வெட்டிய முனையை ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரில் செருகி, பாட்டிலின் வாயைப் பஞ்சு வைத்து அடைத்துவிட வேண்டும். பஞ்சு எதற்கு என்றால், புழுக்கள் காம்பு வழியே கீழே இறங்கித் தண்ணீருக்குள் போய்ச் செத்துவிடும். தொட்டிச் செடியாக இருந்தால் இந்தப் பாடே இல்லை, தொட்டியோடு தூக்கி வந்துவிடலாம்.

எருக்கு, அரளி போன்ற செடிகளாக இருந்தால் வெட்டிய முனையில் பால் வடியும். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள், வ்யூஃபைண்டரில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டே இருக்கிற நமக்கு அது சுலபமாக நடந்துவிடும். பால் நிற்கும்வரை முனையைத் துணியில் ஒற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் கேமராவைத் தொடுங்கள். எருக்கில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இதற்குத் தன் வழியில் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறது: இலையைத் தின்பதற்கு முன் நரம்பைக் கடித்து விடுகிறது, பால் அங்கேயே வடிந்து போய்விட, அதற்கு அப்பால் இருக்கும் பகுதியைத் தின்கிறது. கடித்த இடத்தில் வெள்ளையாக ஒரு துளி திரண்டு நிற்கும்போது பக்கத்தில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு புழுவின் தலை. படம் என்றால் அதுதான் படம்.

இணுக்கைப் பிடிக்க, எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்கள் பலகையைப் பிடித்துக்கொள்ள வைத்திருப்பார்களே, முதலைவாய் கிளிப்புகள் உள்ள ஒரு சின்ன ஸ்டாண்ட், அது பிரமாதமாக உதவும். எந்தப் பக்கமும் திருப்பலாம். கேமரா ட்ரைபாடிலேயே இருக்கட்டும், புழு இருக்கும் இணுக்கைத் திருப்புங்கள். இது தலைகீழாகத் தோன்றினாலும் கேமரா, ஃபிளாஷ், வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் மூன்றையும் ஒவ்வொரு தடவையும் மாற்றி அமைப்பதைவிட இணுக்கை லேசாகத் திருப்புவது எவ்வளவோ மேல். கூடவே ஒரு தந்திரம். நிறையப் புழுக்கள் குச்சியைச் செங்குத்தாக வைத்தால் மேலே மேலே ஏறும். நுனிக்கு வந்து, தலையை நீட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் துழாவிப் பார்க்கும். அந்தத் துழாவலில் முகம் முழுதாகத் தெரியும். எடுத்து முடித்ததும் குச்சியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் மறுபடி ஏற ஆரம்பிக்கும். இதை இரண்டு மூன்று முறை செய்யலாம், அதற்குமேல் அதைச் சுற்றவிடுவது நியாயமில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம். என் வோட்டு ஃபிளாஷுக்குத்தான். காரணம் பிரகாசம் இல்லை, வேகம். சாதாரணக் கேமரா ஃபிளாஷ் முழுச் சக்தியில் எரியும்போது ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம் எரிகிறது என்றால், சக்தியை 1/16 அளவுக்குக் குறைத்ததும் அந்த நேரம் சுமார் 1/10,000 நொடிக்குச் சுருங்கிவிடுகிறது. ஷட்டர் என்னவோ 1/200 நொடியில்தான் திறந்து மூடும், ஆனால் அறை கொஞ்சம் இருட்டாக இருந்தால் படத்தை உண்மையில் எழுதுவது அந்தக் குட்டி மின்னல்தான். புழு தாடையை அசைத்துத் தின்று கொண்டிருந்தாலும் உறைந்து நிற்கும். புழுவுக்கு மிக அருகில் ஃபிளாஷை வைப்பதால் குறைந்த சக்தியே தாராளமாகப் போதும், சீக்கிரம் சார்ஜும் ஏறிவிடும்.

எல்இடி பேனலில் எடுக்கவே கூடாதா என்றால், எடுக்கலாம். சும்மா கிடக்கும் புழுவுக்கு அது வசதியும்கூட, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே போகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். நிறத்தைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ எண் 95க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள், மட்டமான எல்இடியில் புழுவின் பச்சை செத்துப்போன பச்சையாக வரும், சிவப்புப் புள்ளிகள் பழுப்பாகும். ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் சில பேனல்கள் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடும், அதையும் கவனியுங்கள். பழைய குண்டு பல்ப் வேண்டவே வேண்டாம், சூடு தாங்காமல் புழு இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஃபிளாஷை அப்படியே அடித்தால் என்ன ஆகும்? எலுமிச்சை இலை மாதிரிப் பளபளப்பான இலையில் வெள்ளை வெள்ளையாக வெடித்து நிற்கும், மழமழப்பான பச்சைப் புழுவின் முதுகிலும் அப்படியே. டிஃப்யூசர் கட்டாயம். மென்மையான வெளிச்சம் என்பது துணியோ தாளோ எவ்வளவு கனம் என்பதில் இல்லை, புழு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. புழுவுக்கு மூன்று விரற்கடை தூரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிரேசிங் பேப்பர் இருந்தால், அந்தப் புழுவுக்கு அது ஒரு வானம். அதே தாளை ஃபிளாஷின் முகத்திலேயே ஒட்டி வைத்தால் பலன் சொற்பம். நான் தாளை அரைவட்டமாக வளைத்து லென்ஸுக்கு மேலே கூரை மாதிரி நிறுத்திவிட்டு, ஃபிளாஷை அதற்கு வெளியே ஒரு சாண் தள்ளி வைக்கிறேன். கீழே ஒரு வெள்ளை அட்டை, வயிற்றுப் பக்கம் இருண்டு போகாமல் இருக்க.

இதற்கும் அடங்காத பளபளப்புக்குக் குறுக்குத் துருவமாக்கல் என்று ஒரு முறை இருக்கிறது. ஃபிளாஷின் முன்னால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒரு போலரைசர் ஃபிலிம், லென்ஸில் ஒரு போலரைசர் ஃபில்ட்டர், இரண்டையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் திருப்பினால் பளபளப்பு முழுவதும் காணாமல் போய்விடும். நிறம் ஆழமாக வரும். ஆனால் வெளிச்சம் நிறையத் தின்னும், அதைவிட, கண்ணில் தெரியும் சின்ன மினுக்கும் சேர்ந்தே போய்விடும். உயிரில்லாத மாதிரி, ரப்பர் பொம்மை மாதிரி ஒரு படம் வரும். தோலில் உள்ள கோலத்தைப் பதிவு செய்ய இது நல்லது. முகத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை.

சரி, லென்ஸ். மிக நெருக்கத்தில் எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இருக்கிற 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால், அதைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தும் எக்ஸ்டென்ஷன் டியூப் போடலாம். கணக்கு சுலபம்: டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 50 மில்லிமீட்டர் டியூப் என்றால் 1:1. டியூபில் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்று, அதனால் அதில் மலிவு உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மின் இணைப்பு உள்ளதா, அதாவது ஒளி நுழையும் ஓட்டையான அபெர்ச்சரைக் கேமராவிலிருந்தே மாற்ற முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஏற்கெனவே மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் முன்னால் மாட்டும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற குளோசப் லென்ஸ் கைகொடுக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். 1:1 உருப்பெருக்கத்தில் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சாரில் எஃப்/8 வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. நிஜ அளவைப்போல் இரண்டு மடங்கான 2:1க்குப் போனால் கால் மில்லிமீட்டர்தான். எஃப் எண் கூடினால் ஓட்டை சின்னதாகும், ஆழம் கூடும்; அப்படியானால் எஃப்/22க்கு மூடிவிட்டால் என்ன என்று தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள். இவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் நிஜமான எஃப் எண், நாம் வைத்த எண்ணைப்போல் இரண்டு மடங்காகிவிடும். 1:1இல் எஃப்/16 என்றால் ஒளிக்கு அது எஃப்/32. அவ்வளவு சின்ன ஓட்டையில் ஒளி விளிம்பில் வளைந்து சிதறிப் படம் முழுவதும் மொழுக்கென்று ஆகிவிடும். எஃப்/5.6, எஃப்/8 என்று வைத்துக்கொண்டு, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியைச் சேர்த்து அடுக்குவதுதான் சரியான வழி. அதைத்தான் ஃபோகஸ் ஸ்டேக்கிங் என்கிறார்கள். கேமராவை ஒரு ஃபோகஸ் ரெயிலில் வைத்து, எஃப்/5.6இல் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நகர்த்தினால், பக்கவாட்டில் இருக்கும் ஒரு வளர்ந்த புழுவுக்குப் பதினைந்து இருபது படங்களில் வேலை முடிந்துவிடும். முகத்தை நேருக்கு நேர் எடுத்து உடல் முழுவதும் கூர்மையாக வேண்டும் என்றால் மட்டும் எண்ணிக்கை எங்கோ போய்விடும். ஆனால் அப்படி எடுக்க என்ன அவசியம்? முகம் கூர்மை, பின்னால் உடல் மங்கிப் போகிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

எங்கே ஃபோகஸ் செய்வது என்பதில் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் இருக்கும் பச்சைப் புழுவிடம்தான். முன்பக்கம் தோள் மாதிரி உப்பிய இடத்தில் இரண்டு கண்கள் முறைத்துப் பார்க்கும். அவை கண்களே இல்லை, தோலில் வரைந்த புள்ளிகள், பறவைகளை மிரட்டுவதற்கு. நிஜத் தலை அதற்கும் கீழே, உள்ளே மடங்கி இருக்கிறது. நிஜக் கண்களைப் பார்க்க வேண்டும் என்றால் தலையின் இரு பக்கமும் தாடைக்கு அருகில், தாழ்வான இடத்தில் தேட வேண்டும்: பக்கத்துக்கு ஆறு, கறுப்பாகப் பளபளக்கும் மிகச் சின்ன மணிகள், ஏறக்குறைய ஒரு வளைவில் அமைந்திருக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோலப் பல ஆயிரம் முகப்புகள் கொண்ட கூட்டுக்கண் இல்லை இது, ஒவ்வொன்றும் தனித்தனி எளிய கண். புழுவுக்கு வெளிச்சம், இருட்டு, கொஞ்சம் உருவம் இவ்வளவு தெரிந்தால் போதுமே, உணவு காலடியிலேயே இருக்கிறது. அந்த ஆறில் இரண்டிலாவது டிஃப்யூசரின் வெள்ளை மினுக்கு விழுந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். கேமராவை வழக்கமான உயரத்திலிருந்து இன்னும் இறக்கி, புழுவின் தாடை மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் இது கிடைக்கும். மேலிருந்து எடுத்த புழுப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

இனி அந்த நேரக் கணக்கு. பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் முட்டையிலிருந்து வந்து கூட்டுப்புழு ஆவதற்குள் ஐந்து பருவங்களைக் கடக்கின்றன, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தோல் உரிக்கின்றன. எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு முதல் நான்கு பருவங்களிலும் பறவை எச்சம் மாதிரிப் பழுப்பும் வெள்ளையுமாக இருந்துவிட்டு, கடைசிப் பருவத்தில் திடீரென்று பச்சையாக மாறும். இரண்டும் ஒரே புழு என்று முதலில் நம்புவது கஷ்டம்.

தின்று கொண்டிருக்கும் புழுவை இலையின் விளிம்பில் வைத்து எடுங்கள். தலை மேலிருந்து கீழே ஒரு வளைவில் இறங்கும், கீழே போனதும் மறுபடி மேலே வந்து அதே வளைவில் இன்னொரு அடுக்கு. ஒரே பாதைதான், அதனால் தலை எங்கே வரும் என்று தெரியும், அங்கே ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இதில் அடுக்க முடியாது, ஒற்றைப் படம்தான், ஆகவே எஃப்/11 வரை போனாலும் பரவாயில்லை. முன்னங்கால்கள் இலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, தாடைகள் நடுவில் வெட்டுகின்றன; இலை விளிம்பை நேருக்கு நேராக வைத்து எடுத்தால் இந்தப் பிடி அழகாக விழும்.

தின்று முடித்ததும் ஓய்வு. சில புழுக்கள் இலையின் நடுநரம்பிலேயே படுத்துக்கொள்ளும், சில காம்புக்குப் போய்விடும். அடுக்குவதற்கு ஏற்ற நேரம் இது. மூச்சுத்துளைகளை இப்போது எடுக்கலாம், மார்பின் முதல் கண்டத்தில் ஒரு ஜோடி, வயிற்றில் எட்டு ஜோடி, மொத்தம் ஒன்பது. மழமழப்பான பச்சைப் புழுவாக இருந்தால் பின்னாலிருந்து கொஞ்சம் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். முதுகின் நடுவில் கருமையாக ஒரு கோடு துடிக்கும், பின்னாலிருந்து தலைப் பக்கமாக. அதுதான் இதயம், முதுகு நெடுக ஓடும் ஒரு குழாய். படத்தில் ஒன்றும் தெரியாது, வீடியோ எடுத்தால்தான் தெரியும், எடுங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல வாய்ப்பு தோல் உரிக்கும் முன்னால் வரும் சமாதி நிலை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பட்டு விரிப்பில் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் கிடக்கும். அடையாளம் தலையில் இருக்கிறது: உடல் உப்பிப் போய்த் தலை மட்டும் பொருத்தமில்லாமல் சின்னதாகத் தெரியும், பழைய தலைக்குப் பின்னால் கழுத்து வீங்கினாற்போல் இருக்கும், அந்த வீக்கம்தான் புதிய தலை. எத்தனை படம் வேண்டுமானாலும் அடுக்கலாம், 2:1க்குக்கூடப் போகலாம். ஆனால் இந்த நிலையில் இருக்கும் புழுவை அந்த இடத்தைவிட்டு ஒருபோதும் பெயர்க்கக் கூடாது. பழைய தோலைப் பட்டு விரிப்பு பிடித்துக்கொள்ள, புழு அதிலிருந்து முன்னால் நடந்து வெளியே வருகிறது. பிடிமானம் போய்விட்டால் தோல் கழலாமல் அதிலேயே மாட்டிச் சாகும். இணுக்கோடு கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

உரிக்கும் தருணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடல் நெடுக அலை அலையாக ஓட ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று பொருள், அப்போது காப்பி குடிக்க எழுந்து போகாதீர்கள். தோல் பின்னால் சுருங்கிக்கொண்டே போகும், பழைய தலை ஓடு முகமூடி மாதிரி வாயின் முன்னால் தொங்கும், அதைக் காலால் தேய்த்தோ இலையில் உரசியோ தள்ளிவிடும். புதுத் தலை வெளிறிப்போய்க் கண்ணாடி மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் நிறம் ஏறிவிடும். அந்த வெளிறிய தலையில் ஆறு கண்களும் கறுப்பாகத் தனித்துத் தெரிவதுபோல வேறு எப்போதும் தெரியாது. அப்புறம் திரும்பிப் பார்த்து, உரித்த தோலைத் தின்ன ஆரம்பிக்கும் புழுக்களும் உண்டு. தலை ஓடு மட்டும் மிஞ்சும். அதைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள், அசையவே அசையாத அருமையான மாடல்.

கடைசிப் பருவத்தின் முடிவில், ஒரே இடத்தில் இருந்துகொண்டிருந்த புழு திடீரென்று நீர்த்த எச்சம் போட்டுவிட்டுச் செடியைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தால் அது கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. அந்த நேரத்தில் அதைப் படம் எடுக்க முயல்வது வீண். காய்ந்த குச்சிகள் சிலவற்றைச் சாய்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அப்புறம் அசையாது.

இவ்வளவு காத்திருப்பதற்குப் பதில் ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டால் அசையாமல் இருக்குமே என்று சிலர் சொல்வார்கள், செய்யவும் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இரக்கம் ஒருபக்கம் இருக்கட்டும், படமாகவே பார்த்தாலும் அது தோற்றுப்போன படம். குளிர்ந்த உடலை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் பொடித் துளிகளாகப் படியும். பிடி தளர்ந்து, கால்கள் இலையைத் தொடாமல், உடல் தொய்ந்து கிடக்கும். புழுக்களைக் கொஞ்சம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எலுமிச்சைச் செடிப் புழுவிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது, சீண்டினால் தலைக்குப் பின்னால் இருந்து இரண்டு கொம்புகள் மாதிரி ஒரு சுரப்பி வெளியே வரும், கூடவே மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு நாற்றம். சில நொடிகளில் உள்ளே போய்விடும். இதைப் படம் எடுக்க வேண்டும் என்பதற்காகவே குச்சியால் குத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். இணுக்கைக் கிளிப்பில் மாட்டும்போது எப்படியும் ஒரு தடவை குலுங்கும், எப்படியும் ஒரு தடவை நீட்டும். கேமராவை அதற்கு முன்னாலேயே தயாராக வைத்திருந்து, முதலில் ஒரு காய்ந்த இலையை வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் புழுவை மாட்டினால் அந்த ஒரு தடவையே போதும்.

கம்பளிப்பூச்சிகள் தனி ரகம். படத்துக்கு அவ்வளவு அழகு, பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக எரியும். ஆனால் பலவற்றின் முடிகள் தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு. உதிர்ந்த முடிகளும் அதே வேலையைச் செய்யும். முகத்தை அரை அடி தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம் என்பதை மறக்கக் கூடாது, மேலே ஊதவே கூடாது. மெல்லிய தூரிகையால் நகர்த்தலாம். முடிந்ததும் மேசையைத் துடைப்பதைவிட ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுப்பது நல்லது, கையில் குத்திய முடிக்கும் அதுதான் முதல் வேலை. கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பின்னணி பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒளி தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதமாகக் குறையும், அதனால் புழுவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் ஃபிளாஷிலிருந்து பின்னணி மூன்று சாண் தள்ளி இருந்தால் அங்கே விழுவது ஒன்பதில் ஒரு பங்குதான். கறுப்பாகத்தான் வரும். வெள்ளை முடி உள்ள புழுவுக்குக் கறுப்பு எடுப்பாக இருக்கும், கறுப்பு முள் உள்ள புழு அதில் பாதி காணாமல் போய்விடும். தூய வெள்ளைப் பின்னணியும் பார்க்கத் துப்புரவாக இருக்கும், ஆனால் பின்னால் வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டாலும் மெல்லிய முடிகளை விளிம்பிலிருந்து அரித்துவிடும். நான் செய்வது, அதே செடியின் இன்னொரு கிளையை ஒரு சாண் பின்னால் வைத்து இரண்டாவது ஃபிளாஷை அதற்கு மட்டும் கொடுப்பது. மங்கலான பச்சை, அங்கங்கே கொஞ்சம் மஞ்சள்.

அதே செடி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புழுவை அதன் செடியோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதைக் கேமரா வருவதற்கு வெகு காலம் முன்பே செய்து காட்டிவிட்டார் ஓவியர் மரியா ஸிபில்லா மெரியன். 1647இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், சிறுமியாக இருந்தபோதே பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாக உண்டாகின்றன என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், புழுக்களை வீட்டிலேயே வளர்த்து, அவை தின்னும் செடியையும் புழுவையும் கூட்டுப்புழுவையும் சிறகு முளைத்த உருவத்தையும் ஒரே தாளில் வரைந்து 1679இல் நூலாக வெளியிட்டார். 1699இல், ஐம்பது வயதைத் தாண்டியபின், மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவில் உள்ள சூரினாமுக்குப் போய் அங்கேயும் இதையே செய்தார். அவர் வரைந்த இலைகளில் கடித்த ஓட்டைகள் இருக்கும். ஓட்டை இல்லாத இலையாகப் பார்த்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுவருபவர்கள் அந்த ஓவியங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

படங்களை அடுக்க ஹெலிகான் ஃபோகஸ், ஸிரீன் ஸ்டேக்கர் என்ற இரண்டு மென்பொருள்களும் பலர் பயன்படுத்துபவை. ஸிரீனில் டிமேப், பிமேக்ஸ் என்று இரண்டு முறைகள் உண்டு. முடியும் முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஓடும் கம்பளிப்பூச்சிக்குப் பிமேக்ஸ் நன்றாகப் பிரித்துக் கொடுக்கும், கூடவே பொடிப் புள்ளிகளாகக் கொஞ்சம் இரைச்சலும் சேரும்; மழமழப்பான புழுவின் நிறத்தையும் தோலின் மென்மையையும் டிமேப்தான் காப்பாற்றும். இரண்டிலும் எடுத்து, தேவையான இடத்தில் ஒன்றின்மேல் மற்றதைப் பூசிக்கொள்ளலாம். நடுவில் புழு தலையைத் திருப்பியிருந்தால் அந்தத் தொகுதியில் இரட்டைத் தலை வரும், அதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிடத் தூக்கிப் போடுவது மேல்.

புழு வந்த செடிக்கே திரும்பிப் போகட்டும், அதே இணுக்கை அதே கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அதுவாகவே ஏறிக்கொள்ளும். அது போவதற்கு முன்னால் இன்னும் இரண்டு சாதாரணப் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசியில் எடுத்தாலும் போதும்: செடியின் இலை தெளிவாகத் தெரியும்படி ஒன்று, புழுவின் முழு உடலும் பக்கவாட்டில் ஒன்று. கோப்பின் பெயரிலேயே செடியின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டு இது என்ன புழு என்று கேட்டால், அடையாளம் சொல்பவர்கள் கண்களின் மினுக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டார்கள். எந்தச் செடியில் இருந்தது என்றுதான் கேட்பார்கள்.